கிராமம் விற்கிற கடையில் ஒரு தோட்டத்துக்காரன்

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. செந்தாடி வைத்த உயரமான ஒருவர் வந்து நின்று, "ஒரு கிராமம் வேண்டும்" என்றார். "எவ்வளவு பெரிது?" என்று கேட்டேன். நாற்பது ஐம்பது பேர் இருந்தால் போதுமாம். ஓர் ஆறு ஓட வேண்டும், கோயில் இருந்தால் நல்லது, ஆனால் பூசாரி கெட்டவனாக இருக்கக் கூடாது. போன தடவை வாங்கிய கிராமத்தில் பூசாரிதான் கெட்டவன், அதை எல்லாரும் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். மூன்றாவது தட்டிலிருந்து ஒரு கிராமத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டி. உள்ளே வரைபடம் இருக்கும், வீடுகளின் பட்டியல் இருக்கும், குடியிருப்பவர்களின் பெயரும் வயதும் இருக்கும், அவரவர் மறைத்து வைத்திருக்கும் இரகசியம்கூட அச்சடித்து வைத்திருப்பார்கள். மனிதர் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்த திருப்தியோடு வாங்கிக்கொண்டு போனார். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் நான் கிராமம் விற்றுப் பிழைக்கிறேன் என்று இலங்கையில் என் ஊரான தெமோதரையில் போய்ச் சொன்னால் காணி புரோக்கர் ஆகிவிட்டேன் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தப் பெட்டியில் இருப்பது ஒரு கதை விளையாட்டுக்கான கிராமம்; இந்த விளையாட்டை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். கரம்போர்ட் போலப் பலகை கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார்; அவரைக் கேம் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் வைத்தியம் பார்க்கிறவள், இன்னொருவர் திருடன். "நீங்கள் காட்டுப்பாதையில் போகிறீர்கள், எதிரே ஒரு கிழவன் வருகிறான்" என்று கேம் மாஸ்டர் சொல்வார். அந்தக் கிழவனாகப் பேசி நடிப்பதும் அவரேதான். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட ஒரு பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நடந்தது, சின்ன எண் விழுந்தால் நடக்கவில்லை. மற்றபடி எல்லாம் வாயால் நடக்கிற சங்கதி. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறவர்கள் ரதியையும் மன்மதனையும் எந்தக் கடையிலும் பெட்டியில் வாங்கி வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே கடையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கற்பனை செய்வதுதான் விளையாட்டு என்றால் அந்தக் கற்பனையைக் கடையில் வாங்குவானேன்? சமைக்கப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே சோற்றுப் பார்சல் வாங்குகிற மாதிரி இருந்தது. வாடிக்கையாளர்களிடமே கேட்டுப் பார்த்தேன். வடகடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் கீத், இரண்டு வாரம் கடலில் இருப்பார், இரண்டு வாரம் வீட்டில் இருப்பார். வீட்டில் கைக்குழந்தை. "கற்பனை எனக்கு நிறைய இருக்கிறது, உட்கார்ந்து எழுதத்தான் நேரம் இல்லை" என்றார். கல்லூரியில் படிப்பிக்கிற ஒரு கூச்ச சுபாவக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே செய்த கதை பிடிக்கவில்லை என்றால் என்னைப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். வாங்கின கதை என்றால் எல்லாரும் சேர்ந்து புத்தகத்தைத் திட்டலாம்" என்றார். இன்னொரு பெண் சொன்னது வேறு. அவள் சொந்தமாக எழுதும் வீடுகளுக்குக் கதவு மட்டும்தான் இருக்குமாம். யாராவது திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காதாம். வாங்கிய வீட்டில் அலுமாரிக்குள் தொங்கும் சட்டைப்பையில் கிடக்கும் சாவிவரை எழுதியிருக்கும். கடை முதலாளி ஈவனுக்கு இந்தக் காரணங்கள் எதிலும் நம்பிக்கை இல்லை. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியைப் பிரிப்பதே கிடையாது என்பார். அது எனக்கு உடனே விளங்கியது. வராத விருந்தாளிக்காகக் கண்ணாடி அலுமாரியில் கோப்பை அடுக்கி வைக்காத வீடு பதுளை டவுனில் உண்டா?

ஈவன் நல்ல மனிதர். படிப்பு விசாவில் வந்து, படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவனைக் கடையில் சேர்த்து, வேலை செய்ய அனுமதியும் எடுத்துக் கொடுத்து, கடைக்கு மேலே இருந்த அறையில் தங்கவும் வைத்தவர். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னறையில் விளையாடுவார்கள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஈவன், கீத், பிறகு மோரக். மோரக் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, அறுபது தாண்டியவர், வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார். அந்த மேசையைத் தவிர இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வேறு இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. புலம்பெயர்ந்து போன ஊரில் ஒரு நாற்காலி நமக்கென்று காலியாக இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று வந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நாளே மோரக் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். இலங்கையில் எங்கே? பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டம். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அம்மாவின் அண்ணன் அந்தக் காலத்தில் ஊவாவில் ஏதோ ஒரு தோட்டத்தில் துரைக்கு அடுத்த அதிகாரியாக, சின்னத்துரையாக இருந்தவராம். "அப்படியானால் உங்கள் அப்பாவும் தேயிலையில்தானா?" என்றார். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை. அப்பா நாற்பது வருசமாகத் தேயிலையில்தான் இருக்கிறார், செடியின் தலையைத் தறிக்கிற கவ்வாத்துக் கத்தியோடு. அடுத்த கேள்விதான் வினை. "அவரிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" அந்த இடத்தில் நான் திருத்தியிருக்க வேண்டும். ஒரு நொடிதான் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கிறவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்து, "முன்னூறு பேர் இருப்பார்கள்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் இது நான் அப்பாவுக்குக் கொடுத்த இரண்டாவது பதவி உயர்வு. முதலாவது தொண்ணூறுகளில், பதுளைப் பள்ளிக்கூடத்தில். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தார். "நீர் எவடம் தம்பி?" என்று கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தோம்தான், ஆனால் ஒருவனும் வாயைத் திறந்து தோட்டம் என்று சொன்னதில்லை. நானும் "தெமோதர டவுன் சேர்" என்றேன். "அப்ப உம்மட தகப்பன் கடை கிடை வைச்சிருக்கிறாரோ?" "ஆமாங்க சேர்." அதோடு அப்பா ஐந்து வருசம் கடைக்காரர் ஆனார். பெற்றோர் கூட்டம் வந்தபோதெல்லாம் அவரை நான் கூப்பிடவில்லை. அவரும் ஏன் கூப்பிடவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வரும்போது தோட்டத்துச் சந்தியில் இறங்காமல் டவுனில் இறங்கி, ரயில் பாதையோரமாக நடந்து தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போவேன். கூடப் படித்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம். வாங்கின கதையை வைத்துக்கொண்டு வாழ்வது எனக்கு அபர்டீனில் வந்த பழக்கம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மோரக்குக்கு நான் பெரிய கண்டுபிடிப்பாகிவிட்டேன். மாமா எடுத்த பழைய படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பங்களா, ரோஜாப் பாத்தி, நாய், செத்த சிறுத்தையின் மேல் கால் வைத்து நிற்கும் மாமா. ஒரு படத்தின் ஓரத்தில் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி மூன்று பேர் நிற்கிறார்கள்; படம் எடுத்தவர் அவர்களை விட்டுவிட்டு எடுக்கப் பார்த்து முடியாமல் போயிருக்கும் என்று தோன்றியது. "உங்கள் வீடும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட" என்றேன். டிசம்பரில் கிறிஸ்மசுக்கு அப்பாவுக்கு நத்தார் வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டும் என்று முகவரி கேட்டார். மறுத்தால் ஏன் என்ற கேள்வி வரும். அப்பாவின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், தெமோதரை, பதுளை என்பதையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாழ்த்து அட்டையில் என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறார் என்ற தைரியம்தான்.

அந்த மேசையில் கேம் மாஸ்டர் வேலை முறை வைத்துச் சுற்றி வரும். என் முறை வந்தபோது நானும் பெட்டிதான் வாங்கினேன். மூன்று பெட்டிகள், மூன்று சனிக்கிழமைகள். ஒன்றில் மலைக்கோட்டை, ஒன்றில் பேய் பிடித்த ஆலை, இன்னொன்றில் மடாலயம். ஓட்ஸ் கஞ்சி குடிக்கிற துறவிகளாகப் பேசி நடித்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஆனாலும் நிம்மதியாக இருந்தது. துறவி ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்க முடியாது. நான்காவது முறைக்கு ஒரு துறைமுகப் பட்டினத்தைப் படித்து முடித்து கல்லா மேசைக்குக் கீழே எடுத்து வைத்திருந்தேன். கடையில் இருந்த கடைசிப் பெட்டி அது. மூன்று மணிக்குச் சற்று முன் தேநீர் போட உள்ளே போய்விட்டு வருவதற்குள் ஈவன் அதை விற்றுவிட்டார். "உன்னுடையதா? அடடா! பரவாயில்லை, நீயே ஏதாவது சொல்லேன், உனக்குத் தெரிந்த இடத்தை வைத்து" என்றார்.

எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். "ஒரு மலை" என்று ஆரம்பித்தேன். "மலை முழுவதும் ஒரே உயரத்தில் வெட்டிய செடி. அடிவாரத்தில் நீளமான ஒரு கட்டடம், அதில் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். உச்சியில் பெரிய பங்களா. விடியற்காலையில் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓரிடத்தில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பெயர்களை வாசிக்கிறார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மலைக்கு ஏறுகிறார்கள்." மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் துறவிகளுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. வாள்வீரனாகிய கீத் மதில் எங்கே என்று கேட்டார். மதில் இல்லை என்றேன். காவலாளிகள் எத்தனை பேர்? இல்லை. வாயிற்கதவு? அதுவும் இல்லை. "அப்படியென்றால் அவர்கள் ஏன் போகாமல் இருக்கிறார்கள்? மந்திரமா?" மந்திரம் இல்லை என்றேன். "சரி, அவர்களில் ஒருவரிடமே கேட்டுவிடுகிறேன்" என்றார் வைத்தியம் பார்க்கிறவளாகிய மோரக். "பாதையில் யாராவது வருகிறார்களா?"

வந்தார். கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். நான்தான் அவராக நடிக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் யோசித்துச் செய்யவில்லை. எதிரே வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. தலையில் இருந்த கம்பளித் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பாதையின் நடுவிலிருந்து விலகி, தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒரு காலை வைக்கிற மாதிரிச் சுவரோரமாக இறங்கி நின்றேன். கையில் இல்லாத கத்தியைப் பின்னால் மறைத்துப் பிடித்தேன், தொரைமாருக்குக் கூர்மையான பக்கத்தைக் காட்டக் கூடாது என்பதால். தலையைக் குனிந்தேன். அப்பா அப்படி நிற்பதைச் சிறுவயதில் ஆயிரம் தடவை பார்த்து, நான் ஒருநாளும் அப்படி நிற்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அந்த வைத்தியம் பார்க்கிறவள், "ஏன் நீங்கள் எல்லாரும் போகவில்லை?" என்று கேட்டாள். "எங்கே போவதுங்க?" என்றேன். "நாங்கள் குடியிருக்கிற காம்பரா தோட்டத்துடையது. வேலைக்கு ஆள் இருக்கும்வரைதான் காம்பரா. வேலையை விட்டால் பிள்ளைகுட்டியோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்." ஈவன் மேசையைத் தட்டினார். "சுவரே இல்லாத சிறை! எவ்வளவு அருமையான பொறி! எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை." மோரக் கைதட்டினார். கண்ணில் நீர் நின்றது. "என்ன நடிப்பு! உங்கள் தொழிலாளர்களை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள்!"

அந்தக் கைதட்டல் கன்னத்தில் விழுந்தது. தொப்பியைக் கக்கத்தில் வைத்தபடியே, "நான் நடிக்கவில்லை" என்றேன். "எங்களிடம் யாரும் வேலை செய்யவில்லை. என் அப்பா தோட்டத்துரை இல்லை. இந்த ஆள்தான் என் அப்பா. அந்தப் பன்னிரண்டு அறையில் நாலாவதில் நான் பிறந்தேன்." கீத் மெதுவாக விசிலடித்தார். "வேடத்தை விட்டு வெளியே வராமல் எப்படிச் சமாளிக்கிறான் பார்த்தீர்களா? இந்தக் கிழவன் எதையோ மறைக்கிறான். உண்மை சொல்கிறானா என்று உருட்டிப் பார்ப்போம்." விளையாட்டில் அதற்கும் விதி இருக்கிறது. எதிரே நிற்பவன் சொல்வது பொய்யா மெய்யா என்று பகடையைக் கேட்கலாம். கீத் உருட்டினார். நாலு விழுந்தது. "எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை" என்று அறிவித்துவிட்டு மூன்று பேரும் என் அப்பாவைக் கடந்து பங்களாவுக்குப் போகிற பாதையில் ஏறினார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன இரண்டு பொய்களை எல்லாரும் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை உண்மை சொன்னபோது பகடை ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது ஈவன் தோளில் தட்டி, "இதை எழுதிக் கொடு, அச்சடித்துப் பெட்டியில் போட்டு விற்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெமோதரையில் டெலிபோன் பேசுகிற கொமினிகேஷன் கடையில் அப்பா வந்து காத்திருப்பார். நான் இங்கிருந்து எடுப்பேன். இந்தப் பகடைக் கதையைச் சிரிப்பாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, ஒரு காட் வந்துச்சுப்பா. வெள்ளக்கார அம்மா போட்டது."

"வந்திருச்சாப்பா? சந்தோசம்."

"எனக்கு வரல. பங்களாவுக்குப் போயிருச்சு. கவர் மேல பங்களான்னு எழுதியிருந்துச்சாம். நான் மலையில நிக்கிறேன், தொர கூப்புடுறாருன்னு ஆள் வந்துச்சு. என்னமோ தப்புப் பண்ணிட்டோம்னு ஓடுனேன். 'மாரிமுத்து, நீ எப்ப தோட்டம் வாங்குன?'னு கேக்குறாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல."

"ஏசுனாரா?"

"ஏசல, ஏசல. சிரிச்சாரு. காட்ட ஒபிஸ் கிளாக்கர் கையில குடுத்துட்டாரு. கிளாக்கர் மறுநாள் பெரட்டுல வெச்சு வாசிச்சு, தமிழ்லயும் சொன்னாரு. ஒரு தொர குடும்பத்துக்கு இன்னொரு தொர குடும்பம் எழுதுறதுன்னு இருந்துச்சாம். ஒங்க பங்களா ரோசாப் பூவெல்லாம் எப்புடி இருக்குன்னு கேட்டிருந்துச்சாம் அந்தம்மா. சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே! இப்பக் கங்காணிகூட, 'தொர இன்னைக்கு எந்த மலைக்குப் போறதா உத்தேசம்?'னுதான் கேக்குறான்."

அவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, கொமினிகேஷன்காரர் காதில் விழக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"ஏன்பா, கவ்வாத்து வெட்டுறவரு மகன்னு சொன்னா அங்க ஒன்னையச் சேத்துக்க மாட்டாங்களா?"

"அப்புடி இல்லப்பா..."

"சேத்துக்க மாட்டாங்கன்னா சொல்லாத. பொழைக்கப் போன எடம். நான் ஒன்னும் நெனைச்சுக்க மாட்டேன். சேத்துக்குவாங்கன்னா மட்டும் சொல்லிரு. எனக்குப் பங்களாவுல போயி நிக்க ஒரு மாதிரியா இருக்கு."

அன்றைக்கு முழுவதும் அறையை விட்டு வெளியே போகவில்லை. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூட நாட்களில் கேட்க வேண்டிய கேள்வியை இத்தனை வருசம் பொத்தி வைத்திருந்து, அதையும் எனக்கு வலிக்காத மாதிரி கேட்கிறார். எனக்கு என்மேலே அருவருப்பாக இருந்தது. கீழே கடையில் தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும் கிராமங்களை நினைத்துக்கொண்டேன். ஜனங்கள் ஏன் ஆயத்தமாகச் செய்ததை வாங்குகிறார்கள் என்று அவ்வளவு காலம் வாடிக்கையாளர்களை விசாரித்தேனே, அவர்கள் யாரும் சொல்லாத காரணம் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. வாங்கிய கிராமத்தில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், ஆனால் அதில் யாருடைய அப்பாவும் இருக்க மாட்டார். எவன் கானுக்குள் இறங்கி நின்றாலும் நமக்கு ஒன்றுமில்லை. பகடையை உருட்டிவிட்டுக் கடந்து போகலாம். அதனால் இப்போது யாராவது தயங்கினால் நானே தைரியமாக எடுத்துக் கொடுக்கிறேன். என் மலையை மட்டும் ஈவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மோரக் பகடை வாங்குவதற்காகக் கடைக்கு வந்தார். வேறு ஆள் இல்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாக, சனிக்கிழமை சொன்னது விளையாட்டு இல்லை என்றேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"நான் அந்த அட்டையில் என்ன எழுதினேன் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"தெரியும். முன்னூறு பேர் முன்னால் வாசித்துக் காட்டினார்களாம்."

கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனார். கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. "உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. என்னை ஒரு முட்டாளாக்கி அவர் முன்னால் நிறுத்திவிட்டீர்களே, அதுதான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்படி நிற்காதீர்கள்!" என்று வகுப்பில் அதட்டுகிற மாதிரி அதட்டினார். பிறகு கொஞ்சம் தணிந்து, மாமா சாகும்வரை சிறுத்தையைப் பற்றிச் சொன்னார், ரோஜாவைப் பற்றிச் சொன்னார், கவ்வாத்து வெட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை என்றார். உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஈவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கதவருகே வந்து நின்று, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "அப்படியென்றால் சனிக்கிழமை உருட்டியது செல்லாது" என்றார். சேர்த்துக்கொள்வார்களா என்ற அப்பாவின் கேள்விக்கு அந்த மனிதரால் சொல்ல முடிந்த பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

மோரக் அந்த இடத்திலேயே தாள் கேட்டு வாங்கி, கல்லா மேசையில் குனிந்து அப்பாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து உறையை எடுத்தார். "இந்தத் தடவை சரியான முகவரியைச் சொல்லுங்கள். வீட்டு இலக்கம்?" இலக்கம் இல்லை என்றேன். தெருப் பெயர்? லயத்துக்குத் தெருப் பெயர் கிடையாது. "பிறகு எப்படிக் கடிதம் போய்ச் சேரும்?" தோட்டத்துரையின் பொறுப்பில் என்று எழுத வேண்டும், கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து கொடுப்பார்கள் என்றேன். "மறுபடியும் அந்த ஆளின் கை வழியாகவா?" என்றார். அங்கே எல்லாருக்கும் அப்படித்தான், எப்போதும் அப்படித்தான் என்றேன். பேனாவை அழுத்திப் பிடித்து, மாரிமுத்து என்று எழுதி, அதற்குக் கீழே துரையின் பொறுப்பில் என்று எழுதினார். அப்பா பதில் எழுதினால் தமிழில்தானே எழுதுவார், அதனால் அனுப்புகிறவர் முகவரியாக உங்களுடையதையே போடுங்கள், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்று உறையைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

என் பெயரை எழுதினேன். மேலே என் அறைக்குத் தனிக் கதவு இல்லை, தபால் பெட்டியும் இல்லை. கடிதம் வந்தால் கடைக்குத்தான் வர வேண்டும். ஆகவே பெயருக்குக் கீழே ஈவனின் பொறுப்பில் என்று எழுதி, கடையின் முகவரியைப் போட்டேன். மோரக் உறையை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், திரும்பக் கொடுத்துவிட்டார். ஆறாயிரம் மைல் போகப்போகிற அந்த உறையில் எங்களுடையது என்று இருந்தது அப்பாவின் பெயரும் என் பெயரும்தான். மற்றதெல்லாம் யாரோ ஒருவருடைய விலாசம். முத்திரையை ஒட்டிக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.